கரை காணாத கண்கள்

முதிய கடலோடியின் ஏக்கம் என்றதும் கவிவாணர்கள் தீட்டிக் காட்டும் ஓவியம் ஒன்றுண்டு. நரைத்த தலை, நடுங்கும் கரம், தொடுவானைத் துழாவும் விழி, நெஞ்சிலே என்றோ பிரிந்த நங்கை! இனிய சோகமாம்! அந்தச் சோகத்தைச் செய்தவர் எவர் என்று நாம் கேட்கிறோம்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பெண்ணோடு கடற்செலவு இல்லை என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல்; இரங்குபவளோ பெரும்பாலும் கரையிலே நிற்பவள். தமிழ் நூல் என்பதற்காக நாம் வாயடைத்து நிற்கவேண்டியதில்லை. காதலைப் பாடிய மரபே காதலியைக் கரையில் நிறுத்திவிட்டது.

வைதிகமோ திரும்பி வந்தவனையும் விடவில்லை. கடற்பயணம் சாதியினின்று வீழ்த்தும் பாவம் என்றது போதாயன தர்மசூத்திரம். கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்றது மனு. ஏட்டோடு உறங்கிய விதிகளா இவை? 1914இல் கடல் கடந்து சென்று, 1919இல் நோயோடு திரும்பிய கணித மேதை இராமானுசன் 1920இல் மறைந்தபோது, வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. உலகு போற்றிய மேதைக்கே இக்கதி! ஊர் பேர் அறியாத மாலுமிக்கு?

அவனை வெள்ளையன் லஸ்கார் என்றான். வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பகுதியே அவனுக்கு. 1823ஆம் ஆண்டுச் சட்டம், அவனை பிரிட்டிஷ் மாலுமியாகக் கருதலாகாது என்றது. இலண்டன் தெருக்களிலே குளிரில் விறைத்தவர்களுக்காக 1857இல் ஒரு விடுதி திறந்தார்கள். அதன் பெயரே அயலார் இல்லம்! உழைப்புக்கு உரியவன், உறவுக்கு அயலான்.

நியூசிலாந்திலே 1836 வாக்கில், மாவோரி மக்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதிலே தமிழ் எழுத்து! முகையதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருந்தது. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடையவன் பெயர் வெண்கலத்திலே நிலைத்தது. பாய் இழுத்தவர்கள், சுக்கான் பிடித்தவர்கள், எந்த ஊரை நினைத்து, எவள் பெயரை முணுமுணுத்து மாய்ந்தார்கள்? ஓரெழுத்தும் இல்லை. தமிழன் பெருமைக்கு அம்மணியைச் சான்று காட்டும் மேடைகளிலே இதையும் சொன்னாலென்ன?

மிதித்தாண்டவேண்டிய விதி அது என்பதை, 1929இல் மலேயாவுக்கும் 1931இல் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிய பெரியார் செயலிலே காட்டினார். கடல் தீட்டு இன்று நகைப்புக்குரியது. ஆயினும், ஏங்குதற்கு ஊர் இருக்கவேண்டுமே!

பறங்கிப்பேட்டைத் துறையிலே இறங்கி மேற்கே நடக்கும் ஒரு முதியவனை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. சேத்தியாத்தோப்பை அடுத்தது வளையமாதேவி. 1956இல் அமைந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கப் பணிக்காகப் பரவனாற்றுக்குப் புதுவழி வெட்டவென்று, 2023 சூலையில் அவ்வூர் வயல்களிலே, நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பயிரிட்டவர்கள் வரப்பிலே நின்று அழுதார்கள்; அவர்கள் கடலையே கடந்ததில்லை.