நியூ காலேஜ், ஆக்ஸ்போர்டு: கட்டடப் பராமரிப்பு

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பழைய கல்லூரிகளுள் ஒன்று. வின்செஸ்டர் ஆயர் வில்லியம் ஆஃப் விக்கம் 1379இல் நிறுவினார். 1380 மார்ச் 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது; 1386இல் கல்லூரியார் குடிபுகுந்தனர். 1670களில் முற்றத்தைச் சுற்றிய கட்டடங்கள் மூன்றாம் தளம் பெற்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வயட் சிற்றாலயத்தைப் புதுப்பித்தார்.

விரிவாகப் பேசப்படுவது உணவுக்கூடத்தின் கூரைதான். 1859இல் அது பழுதடைந்திருப்பதை மாணவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1862இல் மூத்த ஆய்வர் ஒருவர் கல்லூரியின் நிலங்களைப் பார்வையிடச் சென்றபோது, பக்கிங்காம்ஷயரின் ஏக்லி, கிரேட் ஹார்வுட் காடுகளில் பெரிய ஓக் மரங்களைத் தேர்ந்து வெட்டுவித்தார். புது உத்திரங்கள் அவற்றில் செய்யப்பட்டன. திருப்பணி கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டுடையது. கூரை பழுதாகும் நாளை முன்னறிந்து நிறுவனர் காலத்திலேயே இம்மரங்கள் நடப்பட்டன என்ற கதை, மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் சொல்லக் கேட்டவர்கள் வழியே உலகெங்கும் பரவியது. கல்லூரித் தரப்பு இதை ஏற்பதில்லை: அக்காடுகள் 1441இல்தான் கைக்கு வந்தன. ஆயினும் கதைக்குள் ஓர் உண்மை இருப்பதாகக் கொள்ளலாம். அங்கே ஹேசல், ஆஷ் மரங்களை இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை அடியோடு வெட்டிக் கழிகள் எடுப்பார்கள். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். இடையிலுள்ள ஓக் மரத்தை மட்டும் தொடமாட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்றால்தான் அது உத்திரத்துக்கு ஆகும். எந்தக் கூரைக்கு என்று குறிக்காமலே, இனி வருவோருக்காக மரத்தை நிற்கவிட்ட அந்தப் பொறுமை போற்றத்தக்கது.

கல்லின் வரலாறு வேறு. ஹெடிங்டன் சுண்ணாம்புக் கல்லின் முதல் பதிவு 1396இல் இக்கல்லூரி மணிக்கோபுரத்துக்கு வாங்கியதே. பின்னாளில் ஆக்ஸ்போர்டு முழுதும் பயன்பட்ட இக்கல்லின் மென்மையான வகை, நிலக்கரிப் புகையின் கந்தகம் பட்டு அரிக்கப்பட்டது. மேற்பரப்பு ஜிப்சமாகிக் கறுத்து, உப்பி, விரல் பட்டாலே பொருக்குப் பொருக்காக உதிரும். 1957இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு வரலாற்றுக் கட்டட நிதி, பல கல்லூரிகளின் முகப்பைச் சீரமைக்க உதவியது. சிதைந்த கல்லுக்கு மாற்றாக ரட்லண்டின் கிளிப்ஷம் கல் பெரிதும் பயன்பட்டது.

கல்லூரி வளாகத்துக்குள் பழைய நகர மதிலின் ஒரு பகுதி உள்ளது. இடம் பெற்றபோது, மதிலைப் பழுதுபார்த்துக் காப்பதாக விக்கம் நகரத்தாருக்கு உறுதியளித்தார். மூன்று ஆண்டுக்கொருமுறை நகர மேயர் வந்து மதிலை நடந்து பார்வையிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.