வானரவீரன் வெள்ளித்திரைக்கு வந்த வரலாறு

வரலாற்றுப் பாடத்தில் யுவான் சுவாங் என்னும் சீனத் துறவியின் பெயரைப் படியாத மாணவர் இல்லை. ஹர்ஷருடைய காலத்தில் நம் நாட்டிற்கு வந்தவர், நாலந்தாவில் கற்றவர், பல்லவர் தலைநகராகிய காஞ்சியைப் பற்றி எழுதிவைத்தவர். தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அவருடைய சொந்த நாட்டில் அவரை மக்கள் அறிந்திருப்பது வேறொரு கோலத்தில். ஒரு குரங்கையும் ஒரு பன்றியையும் ஓர் ஆற்று அரக்கனையும் சீடர்களாகக் கொண்டு, குதிரையாக உருமாறிய டிராகன் இளவரசன்மீது ஏறி, தம்மை உண்ணவரும் பேய்களைக் கண்டபோதெல்லாம் கண்ணீர் பெருக்கிக்கொண்டே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சாதுவாகத்தான் அங்கே குழந்தைகளும் முதியோரும் அவரை அறிவார்கள். அந்தக் கதை ஏட்டிலிருந்து திரைக்கு ஏறிய வரலாறு மிகவும் சுவையானது. சுவை ஒருபுறம் இருக்க, ஒரு பழங்கதையை ஒரு காலம் எப்படித் தனக்கேற்ப வளைத்துக்கொள்கிறது என்பதை அதில் கண்கூடாகக் காணலாம்.

முதலில் மெய்யான மனிதரைப் பார்ப்போம். அவர் அழுகிற பேர்வழி அல்லர். 629ஆம் ஆண்டளவில், எல்லையைக் கடக்கலாகாது என்ற அரசாணையை மீறி, மறைவாக மேற்கு நோக்கிப் புறப்பட்டவர். வழியில் டர்ஃபான் பகுதியில் இருந்த காவோசாங் நாட்டு அரசன் அன்பு மிகுதியால் அவரைப் போகவிடாது தடுத்து நிறுத்தியபோது, உண்ணாநோன்பு இருந்து விடைபெற்றவர். பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்து வந்து, நாலந்தாவில் சீலபத்திரரிடம் பாடம் கேட்டார். அந்தச் சீலபத்திரரோ தர்மபாலருடைய மாணாக்கர். தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்று யுவான் சுவாங்கே குறித்திருக்கிறார். ஆகவே நம் ஊர்க்காரர் ஒருவருக்கு அவர் மாணாக்கரின் மாணாக்கர் என்று நாம் சற்றுப் பெருமை கொள்வதில் தவறில்லை. 645இல் 657 நூல்களுடன் அவர் திரும்பியபோது, போகும்போது தடுத்த அரசே வரும்போது வரவேற்றது.

அவர் மறைந்து 900 ஆண்டுகளுக்குமேல் சென்றபின், 1592இல் நான்கிங் நகரில் ஒரு நாவல் அச்சாயிற்று. பெயர் 'சி யூ ஜி', அதாவது 'மேற்குப் பயணம்'. நூறு அத்தியாயங்கள். நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. வூ செங்கென் என்னும் புலவர் எழுதியது என்பது பெரும்பாலோர் கொள்கை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கதை சொல்வோரும் கூத்தாடுவோரும் சேர்த்த கற்பனையெல்லாம் இதில் வந்து குவிந்தன. அரசாணையை மீறிச் சென்ற துறவி இங்கே அரசனுக்கே தம்பி முறையாகி, அவன் கையாலேயே வழிப்பத்திரம் பெற்றுப் புறப்படுகிறார். துணிவெல்லாம் அவரைவிட்டு நீங்கிக் குரங்கிடம் போய்விடுகிறது! இப்படி வரலாற்றை முதலில் மாற்றியது திரைப்படம் அன்று, நாவல்தான். இதை நினைவிற் கொள்ளாமல், படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று மட்டும் குறைகூறுவது ஒருதலையான பேச்சு.

அந்தக் குரங்கின் பெயர் சுன் ஊகொங். மலர்க்கனி மலையில் ஒரு கல் வெடித்துப் பிறந்தது. 72 உருவங்கள் எடுக்கும், மேகத்தில் தாவும், கடலரசனிடமிருந்து கவர்ந்த இரும்புத்தடியை, 13,500 ஜின் என்னும் சீன நிறையுள்ளதை, ஊசியளவாகச் சுருக்கிக் காதுக்குள் செருகிக்கொள்ளும். தேவலோகத்தில் புகுந்து அமுதப் பழங்களைத் தின்று, வானத்துப் படைகளை ஓட ஓட விரட்டும். கடைசியில் புத்தர் தம் உள்ளங்கையை விரித்து, இதைத் தாண்டிவிடு பார்க்கலாம் என்கிறார். உலகின் எல்லைவரை பாய்ந்துவிட்டதாகக் குரங்கு இறுமாந்து நிற்கிறது; நின்ற இடமோ அவர் கைக்குள்தான். பிறகு 500 ஆண்டு மலைக்கடியில் சிறை. துறவி வந்து விடுவிக்கும்வரை அங்கே கிடந்து காத்திருக்கவேண்டும்.

இதைக் கேட்டவுடன் உங்களுக்கு அனுமன் நினைவு வருவது இயல்பே. சீன அறிஞர் ஹூ ஷி அவர்களும் 1923இல் அவ்வாறே கருதினார். லூ ஷுன் அதை ஏற்கவில்லை. சீனப் புராணத்து நீர்க்குரங்கு ஒன்றையே மூலமாகக் காட்டினார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். சீனக் கடற்கரையில் சுவான்சௌ என்றொரு துறைமுகம். அங்குள்ள காய்யுவான் ஆலயத்தில் 1237இல் கட்டிமுடிந்த கற்கோபுரத்தில், வாளேந்திய குரங்கு வீரன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஆலயத்தின் பின்புறத்தில் இந்துக் கோயில் தூண்கள் நிற்கின்றன. அந்த ஊரிலேயே 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. நம் வணிகர் அங்கே வாழ்ந்து வழிபட்டனர் என்பதற்கு இவை சான்று. குரங்கை அவர்கள்தாம் கொண்டுபோய்க் கொடுத்தனர் என்பதற்குச் சான்று அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இனித் திரைக்கு வருவோம். நான்கிங் நகரில் பிறந்த வான் லாய்மிங், வான் குச்சான் என்ற இரட்டையர், தம் சகோதரர்களுடன் ஷாங்காயில் கார்ட்டூன் எனப்படும் சித்திரப் படங்களைச் செய்து பழகியவர்கள். அமெரிக்காவில் டிஸ்னி 1937இல் வெளியிட்ட 'ஸ்நோ ஒயிட்' ஷாங்காய்க்கு வந்து பெரும் கூட்டத்தை ஈர்த்தது. நம் நாட்டுக் கதை ஒன்றை இவ்வாறு நீளப்படமாக ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்தது. எழுந்த காலம் எப்படிப்பட்டது? 1937இன் இறுதியில் ஜப்பானியப் படை ஷாங்காயைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டார் ஆட்சிக்குட்பட்ட சில பகுதிகள் மட்டும் அதன் கைக்கு எட்டாமல் மிஞ்சின. 'அநாதைத் தீவு' என்று அவற்றை மக்கள் அழைத்தனர். சுற்றிலும் பகைவர், நடுவே ஒரு துண்டு நிலம், அதற்குள் அமர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஆயிரமாயிரம் சித்திரங்களை வரைந்துகொண்டிருந்தனர். செலவையும் காலத்தையும் சுருக்குவதற்காக, நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன்மேல் தாள்வைத்துக் கோடிழுத்த பகுதிகளும் உண்டு. 1941இல் 73 நிமிடம் ஓடும் 'இரும்பு விசிறி இளவரசி' வெளிவந்தது. ஆசியாவில் உருவான முதல் நீளச் சித்திரப் படம் அதுவே.

நாவலில் அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று அத்தியாயங்களே. பயணிகளின் வழியில் ஒரு மலை தீப்பற்றி எரிகிறது. தீயை அணைக்கவல்ல விசிறி இளவரசி ஒருத்தியிடம் இருக்கிறது. அவள் கணவன் எருதரக்கன். குரங்கு விசிறியை வஞ்சகமாகப் பெற்று ஏமாறுகிறது. மறுபடி கவர்ந்து இழக்கிறது. நாவலில் எருதரக்கன் இறுதியில் அடங்குவது வானுலகப் படைகள் இறங்கி வந்து வளைத்துக்கொள்வதால். படத்தில் வானுலகம் வரவில்லை. துறவி தம் சீடர் மூவரையும் அழைத்து, நீங்கள் தனித்தனியே போனதால் தோற்றீர்கள், மனத்தை ஒன்றாக்குங்கள் என்று அறிவுறுத்துகிறார். தீயினால் வாடிய ஊர்மக்களும் திரண்டு சீடர்களோடு சேர்ந்துகொள்ள, எல்லோருமாக அந்த எருதைச் சாய்க்கிறார்கள்.

பகைவர் சூழ்ந்த ஊரில் இருட்டறையில் உட்கார்ந்து இதைக் கண்ட சீன மக்களுக்கு எருது யார், தீ எது என்று விளக்கவேண்டியிருந்திருக்குமா? பேச முடியாததைப் பேசுவதற்குப் பழங்கதை ஒரு போர்வையாயிற்று. என் கருத்தில் இந்த மாற்றம் நாவலுக்கு ஊறு செய்யவில்லை. உதவி வரும் திசைதான் மாறியது. விசிறியும் தீயும், வஞ்சமும் ஏமாற்றமும் அப்படியே இருக்கின்றன.

விந்தை என்னவெனில், மறு ஆண்டே இப்படம் ஜப்பானிலும் ஓடிற்று! அங்கே அதைக் கண்டு வியந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர் ஒசாமு தெஸுகா. பிற்காலத்தில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற எந்திரச் சிறுவனைப் படைத்துப் புகழடைந்தவர் அவர்தாம். சுன் ஊகொங்கின் கதையையும் அவர் 1952 முதல் படக்கதையாக வரைந்தார். அது 1960இல் ஜப்பானில் சித்திரப் படமாயிற்று. முதுமையில் அவர் ஷாங்காய்க்குச் சென்று வான் லாய்மிங்கை நேரிலும் கண்டார். ஒரு நாட்டை எதிர்த்து எழுந்த படம் அந்த நாட்டுப் பிள்ளைக்கே வழிகாட்டியாயிற்று.

வான் லாய்மிங்கின் நெடுநாள் ஆசை வேறொன்று. குரங்கு வானுலகைக் கலக்கிய முதல் ஏழு அத்தியாயங்களை வண்ணத்தில் எடுக்கவேண்டும் என்பது அது. போர் அதைத் தடுத்தது. இருபது ஆண்டு கழித்து, ஷாங்காய் சித்திரப் படக்கூடத்தில், அவர் அறுபது வயதை எட்டியபோதுதான் அது கைகூடிற்று. முதற்பகுதி 1961இலும் இரண்டாம் பகுதி 1964இலும் முடிந்தன. சாங் குவாங்யூ என்ற ஓவியர் ஆலயச் சுவரோவியங்களையும் நாட்டுப்புற அச்சுச் சித்திரங்களையும் கூத்து முகப்பூச்சையும் ஒன்றாக்கி உருவங்களை அமைத்தார். மஞ்சள் மேலாடை, சிவப்புக் காற்சட்டை, இடையில் புலித்தோல், பீச் பழ வடிவில் சிவந்த முகம். பீக்கிங் கூத்தின் தாளத்துக்கு அடியெடுத்துவைத்து அந்தக் குரங்கு திரையில் நடப்பதைக் காண்பது பெரும் இன்பம். டிஸ்னியின் நிழல் அதில் எங்கும் விழவில்லை.

ஆனால் முடிவு? புத்தரின் உள்ளங்கை இல்லை. ஐந்நூறு ஆண்டுச் சிறை இல்லை. குரங்கு வானத்து அரண்மனையை நொறுக்கிவிட்டு வெற்றிக்கொடியுடன் தன் மலைக்குத் திரும்பிவிடுகிறது. பழைய ஆட்சியைக் கவிழ்த்த புரட்சி நாட்டில் கலகக்காரன் தோற்பதாகக் காட்ட மனம் வராதது புரிந்துகொள்ளக்கூடியதே. அந்நாளில் இக்கதையை எல்லோரும் அரசியலாகவே படித்தனர். இந்த நாவலிலிருந்தே எடுத்த வெள்ளெலும்புப் பேயின் கூத்தை 1961இல் கண்ட குவோ மோருவோ என்ற அறிஞர், பேயிடம் ஏமாறிய துறவியே தண்டனைக்குரியவர் என்று கவிதை எழுத, தலைவர் மா சே துங் தாமும் ஒரு கவிதையால் மறுத்து, துறவி திருத்தப்படக்கூடியவர், அழிக்கவேண்டியது பேயையே என்றார். இருவரும் பேசியது குரங்குக் கதையைப்பற்றி மட்டும் அன்று என்பது கேட்டவர் அனைவருக்கும் தெரியும்.

இருந்தும் 1964இன் முடிவை நான் முழுமனத்தோடு ஏற்பதற்கில்லை. உள்ளங்கையும் மலைச்சிறையும் நீங்கினால் குரங்குக்கு மேற்கே போகக் காரணமே இல்லை. மீதித் 93 அத்தியாயங்களுக்கும் கதவு அடைபட்டுவிடுகிறது. அது தீரனாக நின்றுவிடுகிறது, மாணாக்கனாகவில்லை. 1941இல் மாற்றியது வழியை. 1964இல் மாற்றியது கதையின் உயிரை. கலைத்திறத்தில் பின்னது பன்மடங்கு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் இந்தக் குறை மேலும் உறுத்துகிறது.

அந்த வெற்றிக் குரங்கையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1966இல் பண்பாட்டுப் புரட்சி எழுந்தது. படக்கூடத்தின் தலைவர் தே வெய் அறையில் அடைபட்டார். ஓவியர்கள் பலர் நாட்டுப்புறங்களுக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டனர். படம் பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் புயல் ஓய்ந்து 1970களின் இறுதியில்தான் மக்கள் அதை மறுபடி கண்டனர்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. யாங் ஜியே என்னும் பெண் இயக்குநர் 1982இல் தொடங்கி, பெரும்பாலும் ஒரே ஒரு படப்பெட்டியைக்கொண்டு, சீன நாட்டின் மலைகளையும் மடங்களையும் தேடித் திரிந்து 25 பகுதிகளாக எடுத்த தொடர் 1988இல் முழுமையாக ஒளிபரப்பாயிற்று. குரங்காக நடித்தவர் தலைமுறை தலைமுறையாகக் கூத்து மேடையில் அதே வேடம் கட்டிய குடும்பத்தில் பிறந்தவர். துறவியாக மட்டும் ஒருவர்பின் ஒருவராக மூவர் நடித்தனர். முகம் மாறியதை மக்கள் பொருட்படுத்தவில்லை. இத்தொடரில் புத்தரின் உள்ளங்கை உண்டு, மலைச்சிறையும் உண்டு. இறுதியில் புத்தருடைய சீடர்களே காணிக்கை கேட்டு, கிடைக்காமற் போகவே எழுத்தில்லா வெற்றேடுகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் நகைச்சுவையையும் அந்த அம்மையார் விலக்கவில்லை.

அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. நூல்களுடன் திரும்பும் வழியில் ஆறு குறுக்கிடுகிறது. சுமந்து சென்ற முதிய ஆமை சினங்கொண்டு நடு ஆற்றில் அவர்களைக் கவிழ்த்துவிடுகிறது. நனைந்த ஏடுகளைப் பாறைமேல் விரித்து உலர்த்துகிறார்கள். துறவியின் எண்பத்தோராவது துன்பமாக நாவல் இதை எண்ணுகிறது. பார்ப்பவர் இதையும் கற்பனை என்றே கருதுவர். மெய்யான யுவான் சுவாங் சிந்து நதியைக் கடக்கையில் படகு புரண்டு, ஐம்பது சுவடிகளும் அவர் சேர்த்துவைத்திருந்த இந்திய மலர் விதைகளும் ஆற்றோடு போயின. கரையில் அவர் தங்கி, ஆள் அனுப்பிச் சிலவற்றைத் திரும்பப் படியெடுக்கச் செய்தார். நாடு திரும்பி ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 654இல், இந்தியாவிலிருந்த தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்திலும், ஆற்றில் போன நூல்களின் பெயர்களை எழுதி, முடிந்தால் அனுப்பி உதவுமாறு கேட்டிருந்தார்.