கடலை மறந்த சட்டம்: அந்தமான் வீட்டுத் தோட்டங்களில் மூன்று விலங்குகளின் வரலாறு

அந்தமான் தீவுகளின் வீட்டுத் தோட்டங்களில் மழைக்காலத்து இரவுகளில் பப்பாளிக் கன்றுகளைத் தின்று தீர்ப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. காட்டோரக் குடியிருப்புகளில் காய்கறிச் செடிகளின் தளிர்களை மேய்வது புள்ளிமான். மீன் வளர்க்கும் குட்டைகளிலும் கோழிக்குஞ்சுகள் திரியும் முற்றங்களிலும் இரை தேடுவது இந்தியப் பெருந்தவளை. இம்மூன்றும் அத்தீவுகளின் பூர்வ உயிர்கள் அல்ல. மூன்றும் மனிதர் கையால் கடல் கடந்தவை. ஆயினும் நத்தையை மட்டுமே ‘அயல் உயிரினம்’ எனக் கருத இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. ஏனைய இரண்டும் சட்டத்தின் பார்வையில் உள்நாட்டவை. இந்த வேறுபாடு உயிரியலிலிருந்து வந்ததன்று. அது எவ்வாறு உருவானது என்பதை அறிய, மூன்று விலங்குகளும் தீவுகளை அடைந்த வரலாற்றைத் தனித்தனியே காணவேண்டும்.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே ஏறத்தாழ 1200 கி.மீ. கடல் உள்ளது. நெடுங்காலம் பெருநிலத்திலிருந்து பிரிந்திருந்த இத்தீவுகளில் மானினம் எதுவும் இருந்ததில்லை. புலி, சிறுத்தை, செந்நாய், நரி ஆகியனவும் இல்லை. மேயும் விலங்கின் பல்லுக்குப் பழகாத மரக்கன்றுகளும், வேட்டை விலங்கின் அச்சமில்லாத நிலமும் ஒருங்கே அமைந்த இடம் அது. புதிதாக வந்து சேரும் எந்த உயிருக்கும் இதைவிட வாய்ப்பான சூழல் அமைவது அரிது.

1858இல் பிரித்தானிய அரசு அங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியது. குடியேற்றம் நிலைபெற்ற பின்னர் அதிகாரிகளின் வேட்டை விருப்பத்திற்காகப் பெருநிலத்திலிருந்து மான்கள் கொண்டுவரப்பட்டன. பல வகைகள் முயன்று பார்க்கப்பட்டபோதிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்கிப் பெருகியது புள்ளிமானே. மான் நீந்தவல்லது, தீவுக்குத் தீவு அதுவே கடந்து சென்றது. தீவுகளின் பழங்குடியினருள் ஜாரவாக்களின் மரபான வேட்டை விலங்கு காட்டுப்பன்றி; புள்ளிமானுக்கு அவ்வேட்டை மரபில் இடமில்லை. ஆகவே மனித வேட்டையும் மானின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

விடுதலைக்குப் பின் நிர்வாகம் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. 1950களின் தொடக்கத்தில், மான்களைக் கட்டுப்படுத்துவதற்காக இரண்டு சிறுத்தைகள் காட்டில் விடப்பட்டன. இரண்டும் பெண் சிறுத்தைகள். அவை இனம் பெருக்காமலே மறைந்தன, மான்கள் எஞ்சின. இந்நிகழ்ச்சி இன்று நகைப்பிற்கு இடமானதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னிருந்த சிந்தனை முறை கவனத்திற்குரியது. கொண்டுவந்த விலங்கு தொல்லையானால், மற்றொரு விலங்கைக் கொண்டுவந்து அதைத் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கையே அது. அந்தச் சிறுத்தைகள் இனம் பெருக்கியிருந்தால் தீவின் கோழி, ஆடு, கன்றுகளுக்கு நேர்ந்திருக்கக்கூடியது என்ன என்பதை எவரும் ஊகிக்கலாம்.

இதே காலப்பகுதியில் மரத்தொழில் யானைகளைத் தீவுகளுக்குக் கொண்டுவந்தது. 1962இல் மரவெட்டு நிறுவனம் ஒன்று தொழிலைக் கைவிட்டபோது, சுமார் 40 யானைகள் இன்டர்வியூ தீவில் விடப்பட்டுக் காட்டு யானைகளாயின. சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொண்டுவரப்பட்ட இத்தாவர உண்ணிகள் அந்தமான் காடுகளின் தாவரங்கள்மீது ஏற்படுத்திய விளைவை ஆராய்ந்தது. இளங்கன்றுகள் தின்னப்படுவதால் காட்டின் மறுவளர்ச்சி குன்றுகிறது. மான்கள் கீழ்நிலைத் தாவரங்களை மேய்ந்து தீர்த்த காடுகளில் பல்லி இனங்களின் எண்ணிக்கையும் குறைவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தோட்டக்காரரின் இழப்பு கண்ணுக்குத் தெரிவது. காட்டின் இழப்பு, முதிர்ந்த மரம் விழுந்து அதன் இடத்தை நிரப்பக் கன்று இல்லாதபோதுதான் தெரியவரும்.

நத்தையின் வரலாறு இன்னும் நீண்ட கடல்வழியைக் கொண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பெருநத்தை, இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வழியே மொரிசியசை அடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரும் நத்தையியல் ஆர்வலருமான வில்லியம் ஹென்றி பென்சன், 1847இல் அதை மொரிசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதியின் தோட்டமொன்றிலிருந்து அது பரவத் தொடங்கியது. 1900இல் அது இலங்கையின் தேயிலை நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிலைபெற்றது. 1930களில் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்கு எடுத்துச் செல்லப்பட்டது; உணவாகவும் மருந்தாகவும் போற்றப்பட்டு ஜப்பானியப் பேரரசின் தீவுகளில் பரவியது. தீங்கு உணரப்பட்டு 1936இலேயே ஜப்பான் அதைக் கேடு விளைவிக்கும் விலங்காக அறிவித்தது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1942 மார்ச் மாதம் ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1945 வரை நீடித்த அந்த ஆட்சியின் இறுதிக் காலத்தில் கடற்போக்குவரத்து அறுபட்டு, தீவுகளில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. இந்த ஆக்கிரமிப்புக் காலத்திலேயே பெருநத்தை உணவுக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. படை திரும்பிச் சென்றது, நத்தை தங்கிவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெறும் தீவு அதற்கு ஏற்றதாயிற்று. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் அமைந்தது. ஒருமுறைக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் இடவல்லது. வறண்ட மாதங்களில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உறங்கவல்லது. பப்பாளி, வாழை, காய்கறி என அது தின்னாத தோட்டப் பயிர் குறைவு. எலியின் நுரையீரலைச் சார்ந்து வாழும் ஒருவகைப் புழுவை அது சுமப்பதுண்டு. அப்புழு மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடியது.

நத்தைக்கும் ஒரு ‘சிறுத்தை’ தேடப்பட்டதை உலக வரலாறு பதிவு செய்துள்ளது. பெருநத்தையைத் தின்னும் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவின் தென்பகுதிக்குரிய ஊனுண்ணி நத்தையொன்று பசிபிக் தீவுகள் பலவற்றில் விடப்பட்டது. பிரெஞ்சு பொலினீசியாவின் மூரேயா தீவில் 1977இல் அது விடப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அத்தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தையினங்கள் காட்டில் அற்றுப்போயின. சில இனங்கள் உயிர்க்காட்சியகங்களின் கூண்டுகளில் மட்டுமே எஞ்சின. பெருநத்தை அழியவில்லை.

மூன்றாவது வருகை நம் காலத்தது. இந்தியப் பெருந்தவளை பெருநிலத்தில் வயலுக்கு நண்பன். தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்ட இனம் அது. 1987இல் அந்த ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. அதே தவளை அந்தமானில் 2010க்குப் பின் தீவுகள் பலவற்றில் விரைந்து பரவியது. வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து தலைப்பிரட்டைகளும் பயணம் செய்வதே இப்பரவலின் முக்கிய வழியாகக் கருதப்படுகிறது. குட்டை மீன்களையும் கோழிக்குஞ்சுகளையும் அது விழுங்குவதாகக் குடும்பங்கள் முறையிடுகின்றன. அதனினும் பெரிய இழப்பு நீருக்குள் நிகழ்கிறது. இத்தவளையின் தலைப்பிரட்டைகளோடு ஒரே நீரில் வைக்கப்பட்ட உள்ளூர்த் தவளையினங்களின் தலைப்பிரட்டைகள் உயிர் தப்பவில்லை என்பதை 2019இல் வெளியான சோதனை ஆய்வு காட்டியது.

இப்போது சட்டத்தைக் காண்போம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் முதன்முறையாக ‘ஊடுருவும் அயல் உயிரினம்’ என்னும் வகையை அதில் சேர்த்தது. அதன் வரையறையின் முதல் நிபந்தனை, அவ்வுயிரினம் இந்தியாவுக்கு உரியதாக இருத்தல் கூடாது என்பதாகும். ஆப்பிரிக்க நத்தை இவ்வரையறைக்குள் அடங்கும். புள்ளிமான், பெருந்தவளை, யானை ஆகிய மூன்றும் இந்தியாவுக்கு உரியவை. ஆதலால் அந்தமானில் அவை எத்தகைய விளைவை ஏற்படுத்தினாலும் இவ்வரையறைக்குள் வாரா. அதே திருத்தத்தின்படி புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்றும் நிற்கிறது.

சட்டம் முற்றிலும் கையற்றதன்று. பயிருக்கோ உடைமைக்கோ ஊறு செய்யும் இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட, தலைமை வனவுயிர்க் காப்பாளர் அனுமதி அளிக்கலாம். குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்திற்கும் ஓர் இனத்தைத் தொல்லை விலங்கு என மைய அரசு அறிவிக்கலாம். 2016இல் ஷிம்லாவின் குரங்குகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஆனால் இவ்வழிகளின் அளவுகோல் மனிதரின் உயிரும் உடைமையுமே. முளைக்காத மரக்கன்றும், குறைந்துபோன பல்லியும், குட்டையில் அற்றுப்போன தலைப்பிரட்டையும் எவருடைய உடைமையும் அல்ல. அறிவியல் மேலாண்மைக்கென உள்ள பிரிவோ, விலங்கைக் கொல்லாமல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே இடமளிக்கிறது. இதன் விளைவாக, தோட்டத்தின் பெயரால் கேட்கக்கூடிய அனுமதியைக் காட்டின் பெயரால் கேட்பது கடினமாகிறது.

ஆஸ்திரேலியாவின் பொசம் என்னும் பைம்மாவினத்தின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. தோல் வணிகத்திற்காக 1837 முதல் அது நியூசிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கூரைக்குள் புகுந்து தோட்டத்து ரோசாச் செடிகளைத் தின்றாலும், பொசத்தைக் கொல்வதற்குச் சட்டம் இடந்தராது. உரிய அனுமதியோடு பிடித்தாலும் பிடித்த இடத்தின் அருகிலேயே விடவேண்டும். டாஸ்மன் கடலுக்கு அப்பால் நியூசிலாந்திலோ, 2050க்குள் அறவே ஒழிக்கத் திட்டமிடப்பட்ட விலங்குகளுள் அதுவும் ஒன்று. ஒரே விலங்கு ஒரு கரையில் காக்கப்படுவது, மறுகரையில் ஒழிக்கப்படுவது. இரு கரைகளும் இரு நாடுகளாக அமைந்ததால் இரு சட்டங்கள் எளிதில் அமைந்தன. வங்கக் கடலின் இரு கரைகளும் ஒரே நாடு. இங்கே நாட்டின் எல்லையே இயற்கையின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. இடையிலிருக்கும் 1200 கி.மீ. கடல் சட்டத்தின் பார்வையில் மறைந்துபோனது.

இதில் சொற்களின் பங்கையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘அயல்’, ‘ஊடுருவும்’, ‘ஆக்கிரமிப்பு’, ‘வந்தேறி’ என்னும் சொற்களைத் தமிழ்ச் சூழலியல் எழுத்துகள் வேறுபாடின்றி ஆள்கின்றன. இவற்றுள் ‘வந்தேறி’ தமிழ் அரசியல் மேடைகளில் மனிதரை இழித்துரைக்கும் சொல்லாகவும் வழங்குவது. அந்தமானில் இச்சொல்லாட்சி கூடுதல் பொறுப்பை வேண்டி நிற்கிறது. அத்தீவுகளின் இன்றைய மக்களுள் பெரும்பாலோர் கடல் கடந்து வந்தோரின் வழியினர்: தண்டனைக் கைதிகள், 1921 கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிளைகள், 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்கள், கிழக்கு வங்காள அகதிகள், ராஞ்சித் தொழிலாளர். நிக்கோபார்ப் பகுதியின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில், 1964 ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. இவர்களின் வருகைக்கான விலையைக் கொடுத்தோர் தீவின் பழங்குடியினர் என்பதும் மறுக்கவியலாத வரலாறு. ஆயினும் விலங்குக்கான சூழலியல் வகைப்பாட்டை மனிதர்மீது ஏற்றுவதும், மனிதருக்கான வெறுப்பை விலங்கின்மீது இறக்குவதும் ஆய்வாகா. ஓர் இனம் ஓரிடத்தில் என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதே சூழலியலின் கேள்வி. யார், எதற்காக அதை அங்கே கொண்டுசேர்த்தனர் என்பது வரலாற்றின் கேள்வி. அவ்விலங்கின் தகுதி பற்றியது எதுவுமன்று.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு உரியன சில தெளிவாகின்றன. நத்தையைப் பொறுத்தவரை, பிறிதோர் உயிரை இறக்கி விடுவதைவிட மனித உழைப்பே பாதுகாப்பானது. மழைக்காலத்து அந்திப் பொழுதுகளில் நனைந்த சாக்கின்கீழ்ப் பப்பாளி இலைகளை இட்டு நத்தைகளைத் திரளச் செய்து, கையுறையோடு பொறுக்கி, அடர்ந்த உப்புநீரில் இட்டு அழிப்பதும், மண்ணிலுள்ள முட்டைகளைத் தோண்டி அகற்றுவதும் ஒரு தெருவே கூடிச் செய்யும்போது பயன் தரும். ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவை மீண்டும் வரும். தவளையைப் பொறுத்தவரை, தீவுக்குத் தீவு செல்லும் மீன்குஞ்சுப் பைகளைத் துறைமுகத்திலேயே சோதித்தால் இன்னும் அது சேராத தீவுகளைக் காக்கலாம். மானைப் பொறுத்தவரை, ‘இந்தியாவுக்கு உரியது’ என்னும் சட்டத்தொடருக்கு மாற்றாக ‘அவ்வாழிடத்திற்கு உரியது’ என்னும் தொடர் தேவைப்படுகிறது.

சுற்றுலாப் பயணிகள் இன்றும் ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) பிரித்தானியக் கட்டடங்களின் இடிபாடுகளையும் அவற்றிடையே மேயும் புள்ளிமான்களையும் படமெடுத்துச் செல்கின்றனர். இடிபாடுகள் காலனிய ஆட்சியின் எச்சம் என்று தகவல் பலகைகள் கூறுகின்றன. மான்களும் அந்த ஆட்சியின் எச்சமே.