விதையும் நாற்றங்காலும்

1919ஆம் ஆண்டில் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து தங்கிய பாரதியாரைச் செட்டிநாடு நன்கறியும். அவ்வருகைக்கு மூன்றாண்டுகள் முன்னர், 1916 அக்டோபர் 16ஆம் நாள், ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் அவர் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் கட்டுரையே ஹைக்கூவைத் தமிழுக்கு அறிமுகம் செய்தது. கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் ஜப்பானியக் கவிஞர் யோனே நோகுச்சி எழுதியதைப் படித்து, சொற்சுருக்கத்தின் அருமையைத் தமிழர்க்கு எடுத்துரைத்தார் பாரதியார்.

விதை நல்ல விதை, ஊன்றியவரோ மகாகவி. 1974இல் அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ ஹைக்கூச் சாயல் கொண்ட கவிதைகளைத் தாங்கி வந்தது. எனினும், தமிழின் முதல் ஹைக்கூ நூலாகப் போற்றப்படும் அமுதபாரதியின் ‘புள்ளிப்பூக்கள்’ 1984இல்தான் வெளிவந்தது. 68 ஆண்டுகள்! இத்தாழ்ச்சி ஏன்? விடை காண, அவ்வடிவம் தன் பிறந்த மண்ணில் புத்துயிர் பெற்ற வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஜப்பானின் ஷிகோக்குத் தீவில், தலைநகருக்கு நெடுந்தொலைவில் உள்ள கோட்டை ஊர் மட்சுயாமா. 1867இல் அங்குப் பிறந்த மசாவோகா ஷிகி, புலவர் பலர் கூடிப் பாடும் தொடர்பாட்டின் முதற்பகுதியாகிய ‘ஹொக்கு’வைத் தனித்து நிற்கும் கவிதையாக உயர்த்தி, ‘ஹைக்கூ’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர். காசநோயால் குருதி கக்கிய அவர், பாடுங்கால் குருதி கக்கும் என்று சொல்லப்படும் குயிலினப் பறவை ஒன்றின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். ‘ஷிகி’ என்று எழுதும் அதே எழுத்துகளை ‘ஹொதொதொகிசு’ என்றும் படிக்கலாம். 1897 ஜனவரியில் அவருடைய நண்பர் யானகிஹாரா கியோகுதோ மட்சுயாமாவில் தொடங்கிய ஹைக்கூ இதழுக்கு அதுவே பெயராயிற்று.

முதல் இதழ் அச்சானது 300 படிகளே. முதுகெலும்பை அரித்த நோயால் தோக்கியோவில் படுக்கையில் கிடந்த ஷிகி, கட்டுரைகள் எழுதியும் கவிதைகளைத் தேர்ந்து கொடுத்தும் அவ்விதழைப் பேணினார். 1898 அக்டோபரில் இதழ் தோக்கியோவுக்குப் பெயர்ந்து, தகஹாமா கியோஷியின் பொறுப்பில் வந்தது. 1902இல் ஷிகி மறைந்தார், இதழ் மறையவில்லை.

வாசகர் அனுப்பும் கவிதைகளைத் தெரிந்தெடுத்து வெளியிடும் பகுதியே அதன் உயிர்நாடியாக விளங்கியது. ஏற்கப்பட்டதைக் கண்டும், விடுபட்டதை எண்ணியும் எளியோர் பலர் கவிதை கற்றனர். பாரதியார் கட்டுரை வரைந்த அதே 1916இல், ‘அடுக்களைக் கவிதைகள்’ என்று பொருள்படும் மகளிர் பகுதியைக் கியோஷி தொடங்கினார். 1917 ஜனவரியில் அப்பகுதியில் சுகிதா ஹிசாஜோ என்னும் இல்லத்தரசியின் ஹைக்கூக்கள் முதன்முதலாக இடம்பெற்றன. பின்னாளில் அவர் ஜப்பானியப் பெண் கவிஞருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1936இல் அதே இதழ் ஹிசாஜோவைத் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 1946இல் கண்மூடிய அவருடைய ஹைக்கூத் தொகுதி 1952இல்தான் நூலாக வந்தது. அடுக்களையிலிருந்து ஒருவரை அவைக்கு அழைத்த கையே வாயிலையும் அடைத்தது. தெரிந்தெடுக்கும் பொறுப்பு எத்துணைப் பெரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சிற்றூர் இதழின் ஆற்றல் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. 1920களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ ஆகியன வெளிவந்து எழுத்தாளர்க்கு இடந்தந்தன. பாரதியாரின் விதைக்கு வாய்க்காதது, மூவரிக் கவிதைக்கென்றே திங்கள்தோறும் நீர் வார்க்கும் அத்தகையதொரு நாற்றங்காலே. 1980களுக்குப் பின் சிற்றிதழ்கள் இடமளித்தபோதுதான் தமிழ் ஹைக்கூ தழைத்தது.

நூல் கவிஞரைக் காட்டும். இதழ் கவிஞரை உருவாக்கும். ஆகவே, இளையாத்தங்குடி போன்ற ஊர்களில் கூடும் இலக்கிய வட்டங்கள் தம் ஆண்டுகளை எண்ணுங்கால், இரண்டு கணக்குகளைப் பார்த்தல் நன்று: பெயரறியாத எத்தனை பேரின் முதற்கவிதை நம் பக்கங்களில் அச்சேறிற்று? அவர்களுள் எத்தனை பேர் இன்றும் நம் அவையில் இருக்கின்றனர்?