லோரி சொல்லும் ஆண்டு
கெடாவில் பெண்டாங் பக்கத்துத் தோட்டப் படமொன்றின் பின்னால் யாரோ ஓர் ஆண்டை எழுதியிருந்தாலும், படத்தில் நிற்கும் வண்டியைத்தான் முதலில் நம்பவேண்டும். பெட்போர்டு லோரி வந்ததே 1931-இல். அது நிற்கும் படம் 1920களுடையதாக இருக்க முடியாது. லேண்ட் ரோவர் வந்தது 1948-இல். அதன் முகத்தைப் பாருங்கள்: ஆரம்ப வண்டிகளில் விளக்குகள் கம்பி வலைக்குப் பின்னால் இருந்தன, பிறகு வலையைத் தாண்டி எட்டிப் பார்த்தன, 1960களின் கடைசியில்தான் மட்கார்டுக்கு மாறின.

பழைய வண்டியைத் தோட்டங்களில் இருபது வருடம்கூட ஓட்டுவார்களே என்று கேட்கலாம். நியாயம்தான். படம் எந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே வண்டி சொல்லும்; ஆனால் அதை உறுதியாகச் சொல்லும். இன்னொன்று: ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் வெளிநாட்டு வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம். நம்பர் பிளேட்டில் கெடாவின் ‘கே’ எழுத்து இடவலம் மாறியிருந்தால், படத்தைத்தான் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள்.