ம.இ.கா. தலைமைப் போட்டி: தோட்டக் கிளை முதல் தலைமையகம் வரை

மலேசிய இந்தியர் காங்கிரஸ் 1946இல் ஜான் திவி தலைமையில் தொடங்கப்பட்டது. அக்கட்சியின் தலைமைப் போட்டி கோலாலம்பூர் தலைமையகத்தில் முடிவானாலும், அதற்கான வாக்குகள் கிளைகளிலிருந்தே வருகின்றன. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் இருந்த கிளைகளும் அவற்றில் அடங்கும்.

யாருக்கு வாக்கு?

தேசியத் தலைவரைக் கிளைத் தலைவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவர், மூன்று உதவித் தலைவர்கள், மத்திய செயலவை உறுப்பினர்கள் ஆகியோருக்குத் தொகுதிப் பேராளர்கள் வாக்களிக்கின்றனர். சாதாரண உறுப்பினருக்கு நேரடி வாக்கு இல்லை. தம் கிளைக்குத் தலைவராக யார் வரவேண்டும் என்பதில்தான் அவருக்கு உரிமை உண்டு.

26 வாக்கு

துன் வீ.தி. சம்பந்தன் 1973இல் விலகிய பின் வீ. மாணிக்கவாசகம் தலைவரானார். 1977இல் துணைத் தலைவர் பதவிக்குச் சாமிவேலுவும் எஸ். சுப்ரமணியமும் மோதினர். மாணிக்கவாசகத்தின் ஆதரவு சுப்ரமணியத்துக்கு இருந்தும் சாமிவேலு 26 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1979இல் மாணிக்கவாசகம் காலமானதும் தலைமைப் பொறுப்பு சாமிவேலுவிடம் வந்தது. 1989இல் தலைவர் பதவிக்கே சுப்ரமணியம் போட்டியிட்டுத் தோற்றார். 2010 டிசம்பர் வரை சாமிவேலுவே தலைவர்.

வட சிலாங்கூரில் எதிரொலி

ஜி. பழனிவேல் 1990 முதல் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர். 2006இல் அவர் சுப்ரமணியத்தைத் தோற்கடித்துத் துணைத் தலைவரானார். ஆனால் 2008 பொதுத்தேர்தலில் 198 வாக்கில் தொகுதியை இழந்தார்.

கோல சிலாங்கூரிலும் காற்று மாறியது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் கே. பார்த்திபன் 1,850 வாக்கில் காலிட் இப்ராகிமை வென்றார். மறு ஆண்டே அந்தத் தொகுதி காலிட் வசமானது. அவர் சிலாங்கூர் மந்திரி பெசாரும் ஆனார்.

2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் பழனிவேலை நிறுத்தவே சாமிவேலு விரும்பினார். அம்னோ உடன்படவில்லை. முடிவில் பி. கமலநாதன் வேட்பாளராகி 1,725 வாக்கில் வென்றார். தொகுதி கிடைக்காத பழனிவேலுக்கு அதே ஆண்டு இறுதியில் கட்சித் தலைமை கிடைத்தது.

2015 நெருக்கடி

2013 கட்சித் தேர்தல் குறித்துப் புகார்கள் எழுந்தன. உதவித் தலைவர்கள், மத்திய செயலவை ஆகிய பதவிகளுக்கு மறுதேர்தல் நடத்தும்படி சங்கங்களின் பதிவிலாகா உத்தரவிட்டது. பழனிவேல் தரப்பு நீதிமன்றம் சென்றது. 2015 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. உட்கட்சி வழிமுறைகள் முடியுமுன் நீதிமன்றம் செல்பவர் உறுப்பியம் இழப்பார் என்னும் 91ஆம் விதி அவர்மீதே பாய்ந்தது. டாக்டர் எஸ். சுப்ரமணியம் தலைவரானார். 2018இல் எஸ்.ஏ. விக்னேஸ்வரன் பொறுப்பேற்றார்.

தோட்டத்தில் நின்ற கேள்வி

இத்தனை தலைமை மாற்றங்களுக்கிடையே பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்ஞாக் தோட்ட மக்களின் கோரிக்கை ஒன்றே: சொந்த வீடு. அதற்காக அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினர்.

தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது கிளை உறுப்பினர்களும் சிதறினர். கிளை செயலிழந்தால் தலைமைப் போட்டியில் அந்தத் தோட்டத்தின் குரலும் இல்லாமற்போகும். உறுப்பினர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா, சந்தா கட்டப்பட்டிருக்கிறதா, ஆண்டுக் கூட்டம் எப்போது என்பவற்றை உறுப்பினர்கள் அறிந்திருப்பது அவசியம். தலைமையகத்தில் விழும் வாக்கு அந்தக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது.