முல்லின்ஸ் விளைவு

முல்லின்ஸ் விளைவு என்பது, ஒருமுறை இழுத்துத் தளர்த்திய ரப்பர் மறுமுறை இளகிக் கொடுப்பதைக் குறிக்கும். பலூனை முதல் தடவை ஊதத் திணறுபவர் அடுத்த தடவை எளிதாக ஊதிவிடுவதில் இதன் சாயலைக் காணலாம். இளக்கத்தின் பெரும்பகுதி முதல் இழுப்பிலேயே நேர்ந்துவிடும். சில சுற்றுகளுக்குப் பின் மாற்றம் மிகச் சிறிது. முன்பு எட்டிய உச்ச நீட்சியைத் தாண்டி இழுத்தாலோ, அதுவரை தொடாத ரப்பரைப் போலப் பழைய விறைப்பு திரும்பிவிடும். பட்ட உச்ச நீட்சியை ரப்பர் நினைவில் வைத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

பெயர் முல்லின்ஸுடையதானாலும் முதலில் கண்டவர் அவரல்லர். பிரான்சில் பூவாஸ், காரியேர் இருவரும் 1903-லேயே இதைப் பதிவு செய்திருந்தனர். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹோல்ட் மீண்டும் அளந்தார். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தில் பணியாற்றிய லெனார்டு முல்லின்ஸ், 1940-களின் பிற்பகுதியிலிருந்து இதை முறையாக ஆராய்ந்தார். அச்சங்கத்தைத் தாங்கியது மலாயா ரப்பர்த் தொழில்.

காரணம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. டயர் ரப்பரில் வலுவூட்டக் கலக்கும் கரித்தூள் இவ்விளைவைப் பெரிதாக்குவதால், பழி முதலில் அதன்மேல் விழுந்தது. இரு கரித்துகள்களை இணைக்கும் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளில் குட்டையானவை முதலில் அறுகின்றன என்றார் பியூக்கி (1960). சில ஆண்டுகளில் ஹார்வுட், முல்லின்ஸ், பெய்ன் மூவரும், சம தகைவில் ஒப்பிட்டால் கரித்தூள் கலக்காத ரப்பரும் இளகுவதைக் காட்டினர். மேலும், சூடேற்றினால் இழந்த விறைப்பில் பெரும்பகுதி திரும்புகிறது. சங்கிலி அறுவது மட்டுமே காரணமென்றால் இதை விளக்குவது கடினம். சங்கிலிகள் துகள்மேல் வழுக்குகின்றன, சிக்கல் அவிழ்கின்றன, துகள் திரள்கள் உடைகின்றன என்ற வாதங்களும் உள்ளன. சிறு அதிர்வுகளிலேயே விறைப்புக் குறையும் பெய்ன் விளைவு இதனின்று வேறானது.

காரணம் தெரியும்வரை பொறியாளர்கள் காத்திருக்கவில்லை. ஆக்டன், ராக்ஸ்பரோ இருவரும் 1999-இல் தந்த சமன்பாடு இன்று வடிவமைப்பு மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுகிறது. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு இளகுவதாக அது கொள்கிறது. உண்மையில் இழுத்த திசையில்தான் இளக்கம் மிகுதி. ஆய்வகங்களில் மாதிரியைச் சிலமுறை இழுத்துப் பழக்கிய பிறகே அளப்பது வழக்கம். ஓயாமல் அதிரும் எஞ்சின் தாங்கிக்கு அந்த அளவு பொருந்தும். ஒரே தடவை அழுத்திப் பொருத்தும் கசிவுத் தடுப்பு வளையத்துக்கு முதல் இழுப்பின் அளவே வேண்டும்.